ரேடியேட்டரை மறைத்த பூ

மே 21, 2025, புதன்

இன்று மூன்றாவது கியர் வரைக்கும் போனேன்.

கூரம் போகிற வழியில் பிளாட் போட்டு விட்டிருக்கும் இடத்தில்தான். ஏழு குறுக்குத் தெரு, எண் எழுதிய கற்கள், பூங்கா என்று ஒரு போர்டு. வீடு ஒன்றுகூட இல்லை. கல்யாணம் இல்லாத புதன்கிழமைகளில் அப்பா காலை ஆறு மணிக்கு வண்டியை அங்கே கொண்டுபோவார். நிற்கிற வண்டி கெட்டுவிடும், வாரத்தில் ஒரு நாளாவது காற்று வாங்கணும் என்பார். அங்கே போனதும் அவர் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்துகொள்வார், நான் ஓட்டுவேன். எனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. ரோட்டில் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் வண்டி 1948-ஆம் வருஷத்து பிளைமவுத். மேலே கூரை கிடையாது. வாலாஜாபாத் பக்கம் ஒரு அரிசி ஆலைக் கொட்டகையில் கோழி முட்டை போடும் இடமாகக் கிடந்ததாம். அப்பா இழுத்து வந்து ஐந்து வருஷம் வேலை செய்து ஓட வைத்தார். இப்போது மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறது. முன்னால் மேளம், பின்னால் சொந்தக்காரர்கள், நடுவில் பூ ஜோடித்த வண்டி, பின் சீட்டில் மாப்பிள்ளை. நடக்கிற வேகத்துக்கு மேல் போகவே கூடாது.

ஆனால் இந்தத் தெருக்களில் அப்படி இல்லை. ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் கை கியரை மூன்றாவதுக்குத் தள்ளினால் சத்தம் அப்படியே அடங்குகிறது. எஞ்சினை மூடியிருக்கும் முன்மூடி அவ்வளவு நீளம், பத்தடி வரைக்கும் ரோடே தெரியாது. ஸ்டியரிங்கை நாலு விரல் அளவு சுற்றின பிறகுதான் சக்கரம் கேட்கும். அதற்குள் வண்டி எங்கே போகும் என்று நாமே முன்கூட்டி நினைத்துக்கொள்ள வேண்டும். அது எனக்குப் பிடிக்கிறது. ஒருவரும் பார்ப்பதில்லை. ஒருவரிடமும் பேச வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழையபடி சோர்வு. அம்மா முப்பது புடவை ஃபால்ஸ் தைக்க வாங்கி வந்திருந்தார்.

மே 24

பன்னிரண்டு ஃபால்ஸ். கண் எரிகிறது.

மே 29

நேற்று சாயங்காலம் ஒரு ஊர்வலம். நான் எப்போதும்போல் மண்டபத்துப் பின்பக்கம் நின்றேன். என் வேலை கேனில் தண்ணீர் பிடித்து வைப்பது, துடைப்பது, பூ கட்டும்போது முனுசாமி மாமாவுக்கு நார் எடுத்துக் கொடுப்பது.

முனுசாமி மாமா பதினோரு வருஷமாக எங்கள் வண்டிக்குப் பூ ஜோடிக்கிறார். வாய் ஓயாது. நான் பதில் சொல்லாவிட்டாலும் அவரே என் பதிலையும் சேர்த்துச் சொல்லிக்கொள்வார். "பாப்பா, சாப்ட்டியா? சாப்ட்டேன் மாமா, தோசை. தோசைக்கு இன்னா? காரச்சட்னி." நான் தலையாட்டுவேன். நேற்று தின்றது உப்புமா.

தலையாட்டுவது எனக்குப் பழகிவிட்டது. ஆட்டினால் பேச்சு முடிந்துவிடும். பத்தாவது முடித்த பிறகு பதினொன்றில் ஒரே ஒரு பருவம்தான் போனேன். டீச்சர் எழுந்து படிக்கச் சொல்வார், குரல் வராது, நிற்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். அப்புறம் அம்மாவுக்கு இடுப்பு வலி வந்தது, தையலுக்கு ஆள் வேண்டும் என்று நானே நின்றுவிட்டேன். எல்லாரும் அம்மாவுக்காக நின்றேன் என்றே நினைக்கிறார்கள். அதற்கும் தலையாட்டிவிட்டேன்.

ஜூன் 7, சனி

அப்பா கை. இன்று எழுத முடியாது.

ஜூன் 8

சர்ச்சுக்குப் போகவில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்வது.

நேற்று பெண் வீட்டார் வண்டியின் முன்பக்கத்துக்கு ஒரு பெரிய மயில் கேட்டிருந்தார்கள். தோகை முழுக்கப் பூ. அப்பா டீசன்ட்டான சட்டை மாற்றிக்கொள்ள உள்ளே போயிருந்தார். மாமா மயிலைத் தூக்கி ரேடியேட்டர் ஜாலிமேல் வைத்துப் பார்த்தார். எப்போதும் அந்த ஜாலியில் பாதியாவது திறந்து விடுவார்கள், காற்று போக. நேற்று மயில் அதை முழுசாக மூடியது. அவர் என்னைப் பார்த்து, "பாப்பா, இப்டியே கட்டிடலாமா, அப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரே?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். நடக்கிற வேகத்தில் ஏற்கனவே காற்று கம்மி, அதிலும் மூடினால் தண்ணீர் கொதிக்கும். ஆனால் பக்கத்தில் பெண் வீட்டு ஆட்கள் நாலு பேர் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். நான் பேச வேண்டும்.

தலையாட்டினேன்.

அப்பா வந்தபோது வண்டியைச் சுற்றிக் கூட்டம். முன்பக்கம் பார்க்கவே இல்லை, நேராக ஏறி உட்கார்ந்தார். ஊர்வலம் கிளம்பிய பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபத்துக்குப் பாதி தூரம் வருவதற்குள் எஞ்சின் சூடு காட்டும் முள் ஓரத்துக்குப் போய்விட்டது. வண்டி நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா நல்ல நேரம் போவுது, நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் கால் மணிதான் இருக்குது என்று கத்த ஆரம்பித்தார். அப்பா எப்போதும் அரை மணி ஆற விடுவார். நேற்று விடவில்லை. துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார்.

தண்ணீர் மேலே அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வலது கை முழங்கை வரைக்கும். கழுத்தில் கொஞ்சம். முகம் தப்பியது.

மாப்பிள்ளை இறங்கி நடந்தே போனார். மேளம் நிற்கவில்லை.

ஜூன் 9

ஆஸ்பத்திரிக்கு முனுசாமி மாமா சாத்துக்குடி எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா கோபத்தில் இருந்தார். பதினோரு வருஷமா கட்டுற, உனக்குத் தெரியாதா என்று ஆரம்பித்தார். வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மண்டபத்து ஆளான பிரேம்நாத்தும் அங்கே இருந்தார். கார், மேளம், லைட், பூ எல்லாவற்றையும் கல்யாண வீட்டுக்குப் பேசி முடித்துத் தருகிறவர் அவர்தான்.

மாமா சொன்னார், "நான் பாப்பாவைக் கேட்டுட்டுதான் கட்டினேன் ஜெபம்."

அப்பா என்னைப் பார்த்தார். "ஏஞ்சலு, உன்னைக் கேட்டானா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

ஏன் ஆட்டினேன்? யோசிக்கவே இல்லை. எல்லாரும் பார்த்துக்கினு இருந்தாங்க. அப்பா கட்டு போட்ட கையோட உக்காந்திருந்தாரு. எனக்கு வாய் ஒட்டிக்கிச்சு.

அப்பா மாமாவைப் பொய்யன் என்றார். சின்னப் பொண்ணுமேல பழி போடறியா என்றார். மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாத்துக்குடிப் பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 11, புதன்

வண்டி எடுக்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது.

ஜூன் 16

பதினெட்டு முடிந்தது. அம்மா கேசரி கிளறினார். அப்பா இடது கையால் சாப்பிட்டார். எல்எல்ஆர் போடலாம் வா என்றார். கை சரியாகிற வரைக்கும் வண்டியை நீதான் புதன்கிழமை ஓட்டணும், வேற யாரை நம்பறது என்றார்.

வேற யாரை நம்பறது. இதை ஏன் இன்றைக்கே சொல்ல வேண்டும்?

ஜூன் 23

அம்மா கடையில் தைத்த புடவைகளைக் கொடுத்துவிட்டு வந்து சொன்னார். பிரேம்நாத் முனுசாமி மாமாவை மண்டபத்துப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மற்ற மண்டபங்களிலும் ஜெபகுமார் கையை வேக வைத்த ஆள், கேட்டால் சின்னப் பொண்ணுமேல் பழி போடுகிற ஆள் என்று பேச்சாம். இப்போது பேருந்து நிலையத்துப் பக்கம் பூவை முழம் போட்டு விற்கிறாராம்.

"பாவம்தான், ஆனா பொய் சொல்லக் கூடாதில்ல" என்றார் அம்மா.

பதினாறு ஃபால்ஸ் தைத்தேன். ஒன்றைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியிருந்தது.

ஜூலை 2, புதன்

இருபத்தைந்து நாளுக்குப் பிறகு வண்டி எடுத்தோம். எல்எல்ஆர் இருப்பதால் அப்பா முதல் தடவையாக ரோட்டிலேயே என்னிடம் கொடுத்தார். ஐயம்பேட்டையிலிருந்து கூரம் திருப்பம் வரைக்கும். வெயில் வரவில்லை. இரண்டு பக்கமும் வயல், தண்ணீர் கட்டியிருந்தது. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் பக்கத்திலேயே வந்து போனில் படம் எடுத்தார், நான் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துகொள்ளப் பார்த்தேன். அப்பா சிரித்தார். சிரித்தால் கழுத்துத் தோல் இழுக்கிறது, உடனே நிறுத்திவிட்டார்.

மூன்றாவது கியர். முகத்தில் காற்று. கொஞ்ச நேரம் எல்லாம் மறந்துபோனது. உண்மையாகவே மறந்தேன். அப்புறம் அப்பா கட்டு போட்ட கையைக் கதவுமேல் வைத்தார்.

சொன்னால் இது போய்விடும். சாவியைத் தொடவே விடமாட்டார். இது ஒன்றுதான் எனக்கு இருக்கிறது. இதை விட்டால் ஃபால்ஸ்தான்.

அதனால்தான் சொல்லவில்லையா? ஆமாம். அதனால்தான்.

ஜூலை 5

தூக்கமில்லை.

ஜூலை 9, புதன்

சொல்லிவிட்டேன்.

பூங்கா போர்டு பக்கத்தில் எஞ்சினை அணைத்தேன். ஏன் நிறுத்தினாய் என்று அப்பா கேட்டார். முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னேன். மாமா என்னைக் கேட்டார், நான் சரியென்று தலையாட்டினேன், ஆஸ்பத்திரியில் பொய் சொன்னேன். மூன்றே வரி. ஒரு மாசமாக இதைத்தான் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

வண்டி ஆறும்போது டக் டக் என்று சத்தம் வரும், அதுதான் கேட்டது. அப்புறம் அப்பா கேட்டார், "நாளைக்கு ரோட்ல ஒருத்தன் குறுக்க வந்தா ஹாரன் அடிப்பியா, இல்ல அதுக்கும் தலையாட்டிக்கினு இருப்பியா?"

கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு உறுத்தியது வேறு. "ஊர் முன்னாடி அவனைப் பொய்யன்னுட்டேன்" என்றார். இரண்டு தடவை சொன்னார். அவர் போய் பிரேம்நாத்திடம் சொன்னால், பழைய சிநேகிதனுக்காகப் பூசி மெழுகுகிறார் என்பார்களாம், நான் வந்து என் வாயால் சொல்லணும் என்றார்.

இடத்தை மாற்றி உட்காரச் சொன்னார். புண் ஆறாத கையாலேயே வீடு வரைக்கும் ஓட்டினார்.

ஜூலை 13, ஞாயிறு

மண்டபத்துக்குப் போனோம். பிரேம்நாத்தின் அறையில் மேளக்காரர்கள், லைட் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். அப்பா என்னை முன்னால் விட்டு, பொண்ணு ஒண்ணு சொல்லணும்ன்றா என்றார்.

நின்றேன். தரையில் மொசைக். சிவப்புக் கல், வெள்ளைக் கல், கறுப்பு.

"பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி நிக்கிற மாதிரி நிக்குது, காபித் தட்டு ஒண்ணுதான் பாக்கி" என்றான் லைட்காரன். சிரித்தார்கள்.

பிரேம்நாத் பொறுமையாகத்தான் கேட்டார். பூக்காரர்மேல தப்பு இல்லைன்றியாமா? தலையாட்டினேன். அவருக்குப் புரியவில்லை. இல்ல, அவர்மேலதான் தப்புன்றியா?

அதற்கும் தலையாட்டினேன்.

எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் கேட்டு முடித்ததும் தலை தானாக அசைந்தது. எல்லாரும் ஒருமுறை சிரித்தார்கள், லைட்காரன் மட்டும் தனியாக இன்னொரு தடவை சிரித்தான். ஜெபம், புள்ளைய ஏம்பா பேஜார் பண்ற, கூட்டிக்கினு போ என்றார் பிரேம்நாத்.

வரும்போது டிவிஎஸ்ஸில் அப்பா முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் திட்டினால் பரவாயில்லை என்று இருந்தது. திட்டவில்லை.

ஜூலை 18

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாசம் கல்யாணம் இல்லை. வண்டிக்கும் ஓய்வு. அப்பா கட்டைப் பிரித்துவிட்டார். தோல் பளபளவென்று வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. விரல் முழுசாக மடங்கவில்லை. பெரிய ஸ்டியரிங்கை முழுச் சுற்று சுற்ற முடியாது என்கிறார்.

யார் ஓட்டப்போகிறார்கள் என்று அம்மா கேட்டார். நான் இருபது ஃபால்ஸ் தைத்தேன்.

ஜூலை 29

லைசென்ஸ் வாங்கினேன். எட்டு போட்டுக் காட்டினேன், டிரைவிங் ஸ்கூல்காரரின் சின்னக் கார். தீப்பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கால் வைத்ததும் கிளட்ச் உள்ளே போய்விடுகிறது, அதில் என்ன இருக்கிறது?

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் அம்மாவிடம் நூல் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் பெரிய காஞ்சிபுரம் போனேன். முனுசாமி மாமா பேருந்து நிலையத்துச் சுவர் ஓரமாக சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். கனகாம்பரம், மல்லி. அவர் பெண்டாட்டி காந்தா அத்தை கட்டக் கட்ட, அவர் முழம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் கை நின்றது. ரெண்டு முழமா, மூணா என்று கேட்டார், யாரோ வாங்க வந்த மாதிரி.

நான் அழுதிருக்கக் கூடாது. அழுதேன். அழுதுகொண்டே சொன்னதால் குரல் வந்ததோ என்னவோ. நான்தான் மாமா தலையாட்டினேன், அப்பா கிட்ட சொல்லிட்டேன், மண்டபத்துல சொல்லப் போனேன், முடியல.

காந்தா அத்தை பூவைக் கீழே போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். இப்பத்தான் வழி தெரிஞ்சுதா என்றார். தெருவில் எங்களைக் கேட்காத கேள்வி இல்லை, பொட்டப் புள்ளைமேல பொய் சொன்னவன் வூடுன்றாங்க என்றார். மாமா அவரைச் சும்மா இரு என்று சொல்லவில்லை. சொல்லி முடிக்க விட்டார்.

மண்டபத்தில் நடந்ததை யாரோ மாமாவுக்கு ஏற்கனவே சொல்லியிருக்கிறார்கள். ரெண்டுக்கும் தலையாட்டினியாமே என்று கேட்டார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, ஆனால் நல்ல சிரிப்பு இல்லை.

அப்புறம் சொன்னார். "பிரேம்நாத் கிட்ட நீ ஒண்ணும் பேச வேணாம் பாப்பா. உன்னால ஆவாது. அந்த வண்டியில என்னைப் பின்னாடி உக்கார வச்சு எங்க தெருவுக்குள்ள கொண்டாந்து விடு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு. எல்லாம் வெளிய உக்காந்து பூ கட்டிக்கினு இருக்கும். பாக்கட்டும். நீதான் ஓட்டணும்."

நான் தலையாட்டப் போனேன். நிறுத்திக்கொண்டேன். சரி மாமா என்றேன்.

வரும்போது நூல் வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7

அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கொட்டகைக்குப் போய் வண்டிப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆகஸ்ட் 11

அப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அவருக்குக் கேட்கும்படி சொல்கிறார், பதினோரு வருஷம் பூ கட்டினவன் ஒருநாளாவது அந்த சீட்ல உக்காந்தானா என்று.

ஆகஸ்ட் 16

சாப்பிடும்போது அப்பா சொன்னார், புதன்கிழமை சாயங்காலம். பின் சீட்டை நல்லாத் துடைச்சு வை.

அந்தத் தெருவில் எத்தனை வீடு இருக்கும்?

ஆகஸ்ட் 20, புதன்

ஆவணி பிறந்து நாலு நாள்.

நாலரை மணிக்குப் பேருந்து நிலையம் போனோம். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி நின்றிருந்தார். அப்பாவும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா பின் சீட்டில் ஏறினார். சாய்ந்து உட்காரத் தெரியவில்லை, நுனியில் உட்கார்ந்து என் சீட்டைப் பிடித்துக்கொண்டார். ஸ்பிரிங் நல்லாத்தான்கிது என்று தனக்குத்தானே சொன்னார்.

தெருமுனையில் நிறுத்தினேன். தெரு ரொம்பக் குறுகல். இரண்டு பக்கமும் பைக், தண்ணீர்க் குடம், பூக் கூடை. மட்கார்டு உரசாமல் போகுமா என்றே தெரியவில்லை. முன்மூடி நீளத்தில் பக்கத்தில் இருப்பது எனக்குத் தெரியாது. யாராவது இறங்கி முன்னால் நடந்து வழி காட்ட வேண்டும்.

அப்பா இறங்கினார்.

சிவந்த கையைத் தூக்கி, வா, வா, கொஞ்சம் இப்டி என்று காட்டிக்கொண்டே வண்டிக்கு முன்னால் நடந்தார். பைக்குகளை ஓரம் தள்ளச் சொன்னார். குடத்தை அவரே நகர்த்தினார். முதல் கியர், கிளட்ச்சைப் பாதியில் பிடிக்காமல் வண்டி தானாக ஊர விட்டேன். பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மாடியிலிருந்து, ஜன்னலிலிருந்து. எங்கே பார்த்தாலும் கண். எனக்குக் காது சுட்டது. சூட்டு முள்ளையும் அப்பா கையையும் மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரு அம்மா கேட்டார், "இன்னா முனுசாமி, ரெண்டாங் கல்யாணமா?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜெபகுமார் வண்டி. அவர் பொண்ணு ஓட்டுது. வூட்ல கொண்டாந்து வுடணும்னாங்க" என்றார், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

அந்த அம்மா என்னைப் பார்த்து, நிஜமா என்று கேட்டார். வண்டி நின்றிருந்தது. ஒரு குழந்தை குறுக்கே வந்துவிட்டது, அப்பா அதைத் தூக்கி ஓரமாக விட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா சொன்னதுதான் நிஜம்" என்றேன். சின்னக் குரல்தான். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா தெரியாது. பின்னாலிருந்தவருக்குக் கேட்டது. என் சீட்டைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

வாசலில் காந்தா அத்தை நின்றிருந்தார். எங்களை உள்ளே கூப்பிடவில்லை. அப்பாவுக்கு மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அப்பா நின்றுகொண்டே குடித்தார். கை எப்படி இருக்குது என்று மாமா கேட்டார். மடங்கலை என்றார் அப்பா.

திருப்ப இடமில்லை. முழுத் தெருவும் ரிவர்ஸிலேயே வந்தேன், அப்பா இப்போது பின்பக்கம் நடந்தார். வேடிக்கை பார்த்தவர்கள் யாரும் உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு ஒன்று இருக்கிறது. நான்தான் ஓட்டணும். "பூ கட்ட மூணு மணிக்கே வந்துடறேன், ஆனா பிரேம்நாத் ஆளு அனுப்பிக் கூப்புடட்டும், நானா வரமாட்டேன்" என்று மாமா அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா இப்போது போனில் பேசிக்கொண்டிருக்கிறார், அந்தப் பக்கம் பிரேம்நாத்தாகத்தான் இருக்கும், ஆமாம்பா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் என்கிறார்.

இடது கால் விண்விண்ணென்று வலிக்கிறது. அந்தக் கிளட்ச் அவ்வளவு கனம். நாளைக்கு எட்டுப் புடவை கொடுக்கணும், இன்னும் ஒன்றுகூட ஆரம்பிக்கவில்லை.